மடிக் களிம்பு

எங்கள் ஊரில் ஓடுகிறவர்கள் இரண்டே வகைதான் என்பார் என் அண்ணி சலீனா ஜெமெலி. ஒன்று குச்சிகள். இன்னொன்று அவர்.

குச்சிகளை எல்லோருக்கும் தெரியும். பொழுது விடிவதற்குள் செம்மண் ரோட்டில் இருபது முப்பது பேராக வருவார்கள். காலடிச் சத்தம் முன்னால் வரும், ஆட்கள் பின்னால் வருவார்கள். அவர்களுடைய தொடைகள் ஒன்றையொன்று சந்தித்ததே கிடையாது. அண்ணி எண்பத்திரண்டு கிலோ. பால் சொசைட்டியில் மாட்டுத்தீவன மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்று, "எழுதிக்கங்கப்பா, ஒரு மூட்ட, தவிடு இல்ல, எல்லாம் தானியம்" என்று சொன்னவர்.

அவர் பிறந்தது கீழே, பள்ளத்தாக்கில். அங்கே ஆடு, மாம்பழம், வெயில். பத்தொன்பது வயதில் என் பெரிய அண்ணனைக் கட்டிக்கொண்டு மலை விளிம்பு ஏறி எங்கள் ஊருக்கு வந்தார். மேலே வந்த முதல் வாரம் குளிரில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பால் கறந்தாராம். நான் அப்போது இன்னும் நடக்கப் பழகாத ஆறு வயதுப் பிள்ளை என்று இன்றும் கேலி செய்வார். ஏழு பிள்ளைகளில் கடைசியான என்னை வீட்டில் யாரும் கீழே இறக்கிவிட்டதே இல்லையாம்.

ஓட்டம் அவர் தேடிப் போனதல்ல. சொசைட்டி வண்டி மூன்று கிலோமீட்டர் தள்ளி முக்கு ரோட்டில் நிற்கும். ஆறரைக்குக் கிளம்பிவிடும். அண்ணன் கெரிச்சோவில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான், இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவான். பிள்ளைகளை எழுப்பி, பசுவைக் கறந்து, கேனை முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பும்போதே ஆறு தாண்டிவிடும். நடந்தால் பால் திரும்பி வரும். அதனால் ஓடினார். பதினெட்டு வருடம் ஓடினார். "அந்த வண்டிக்காரன்தான் எனக்குக் கோச்சு. ஒரு நாளாச்சும் நின்னு தொலைச்சிருந்தான்னா நான் ஓடக் கத்துக்கிட்டிருக்க மாட்டேன்" என்பார்.

சொசைட்டி வருடத்துக்கு ஒருமுறை பதினைந்து கிலோமீட்டர் ஓட்டம் நடத்தும். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட தாய்மார்களுக்குத் தனிப் பரிசு உண்டு. முதலாவது வருகிறவருக்குச் சினைக் கிடாரி. அண்ணிக்கு அந்தக் கிடாரி வேண்டும். அவருடைய ஒரே பசு வெள்ளைக்காதுக்கு வயதாகி, பால் வற்றிவிட்டது. இப்போது அவர் முதுகில் போவது பக்கத்து வீடுகளின் பால். "அடுத்தவ பால சுமந்துட்டு ஓடுனா கேன் கனமா இருக்குடி. அதே பத்து லிட்டர்தான். எப்படின்னு நீதான் படிச்சவ, சொல்லு" என்று கேட்டார்.

போன வருடம் அவர்தான் முன்னால் ஓடினார். பதின்மூன்றாவது கிலோமீட்டரில், முடிய இரண்டே கிலோமீட்டர் இருக்கும்போது, ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கவில்லை. கால் பிடிக்கவில்லை. தொடையிடுக்கில் தோல் வழண்டு ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அன்று அவர் வீடு திரும்பிய நடையை ஊரே பார்த்தது. பிறந்த ஒரு மணி நேரத்துக் கன்றுக்குட்டி மாதிரி காலை அகட்டி அகட்டி வந்தார். கிடாரி அந்த வருடம் ஆரம்பப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிற பிரிஸ்காவுக்குப் போயிற்று. பிரிஸ்கா சுத்தமான குச்சி.

நான் அப்போது விடுமுறையில் வந்திருந்தேன். பொதுச் சுகாதாரம் படித்துக்கொண்டிருந்தேன், எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள். பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்கு ஓடினேன்.

"அந்தப் பாட்டில என் பக்கத்துல கொண்டாந்தே, நடக்கறது வேற."

"கிருமி சாகும் அண்ணி."

"கிருமிக்கு முன்னாடி நான் செத்துருவேன். தள்ளி வை."

நல்லவேளை அவர் பேச்சைத்தான் கேட்டேன். வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் புழுதியும் போகக் கழுவினோம். தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தோம். காய்ந்த பிறகு மருந்துக்கடையில் வாங்கிய களிம்பைக் கெட்டியாகத் தடவி, நான்கு நாள் தளர்ந்த துணியோடு வீட்டுக்குள்ளேயே இருந்தார். பால் கேன் என் முதுகுக்கு வந்தது. நான்கு நாளில் இரண்டு நாள் வண்டியைத் தவறவிட்டேன்.

இந்த வருடம் பட்டத்தோடு வந்து சேர்ந்தேன். வேலை இன்னும் வரவில்லை. ஊரில் என் பெயரே டிகிரி என்றாகிவிட்டது. "டிகிரி, இந்த உர மூட்டையில என்ன போட்டுருக்கான் பாரு", "டிகிரி, கோழி ஏன் முட்ட வெக்கல?" ஓட்டத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அண்ணியும் கேட்டார்.

"தொட உரசாம ஓடறதுக்கு உங்க புஸ்தகத்துல என்ன போட்டுருக்கு?"

ஈரம் இருந்தால்தான் தோல் உரசி வழளும், ஈரத்தை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். பவுடர் போடச் சொன்னேன். குழந்தைகளுக்குப் போடுகிற பவுடரை அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். ஆறு கிலோமீட்டரில் திரும்பி வந்தார். வாசல்படியில் காலை அகட்டி உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு அண்ணி?"

"பவுடரும் வேர்வையும் சேந்து உகாலிக் களி ஆயிருச்சு, டிகிரி. கொஞ்சம் கீரை மட்டும் இருந்திருந்தா மத்தியானச் சாப்பாடு முடிஞ்சிருக்கும்."

சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க மனது ஒரு மாதிரி இருந்தது. என் கடைசி வருட ஆய்வே ஓட்டக்காரர்களின் தோல் புண்களைப் பற்றியது. ஒரு பயிற்சி முகாமில் நாற்பது பையன்களிடம் கேள்வித்தாள் கொடுத்து எழுதி வாங்கினேன். தோல் உரசாமல் இருக்க என்ன தடவுகிறீர்கள் என்ற கேள்விக்கு முப்பத்தொரு பேர் ஒரே பதில் எழுதியிருந்தார்கள்: மடிக் களிம்பு. பால் கறக்கும்போது காம்பு வெடிக்காமல் இருக்க நாம் விரலில் தொட்டுத் தடவுகிற அதே களிம்பு. நான் கொடுத்த பட்டியலில் அது இல்லை. அதனால் முப்பத்தொரு பேரையும் 'இதர' என்ற கட்டத்தில் போட்டுவிட்டுப் பவுடரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். நல்ல மதிப்பெண் வந்தது. நாற்பது பேரில் ஒரு பெண்கூட இல்லை என்பது அன்றுவரை எனக்கு உறைக்கவில்லை. அண்ணி மாதிரி உடம்பு யாருக்கும் இல்லை என்பதும்தான்.

வெட்கத்தோடு அண்ணியிடம் போய்ச் சொன்னேன்.

"மடிக் களிம்பா? அது என் மாட்டுக் கொட்டாயிலயே இருக்கே."

"ஆமா அண்ணி."

"இதுக்கு நாலு வருஷமா?"

மறுநாள் காலை இருட்டில் கொட்டாய்க்குள் கையை விட்டு ஒரு டப்பாவைத் தடவி எடுத்திருக்கிறார். கொட்டாயில் இரண்டு டப்பா உண்டு. பச்சை மூடி போட்டது கறவைக்கு. மஞ்சள் மூடி போட்டது மடிவீக்கத்துக்கு, கற்பூரமும் இன்னும் என்னென்னவோ போட்டுச் சுருசுருவென்று சூடேற்றுகிற மருந்து. எடுத்தது எது என்று சொல்ல வேண்டியதில்லை. முக்கு ரோடு வரைக்கும் அன்று அவர் ஓடியதைப் பார்த்த பால் வண்டிக்காரன் இன்றும் சொல்கிறான், அந்த மூன்று கிலோமீட்டருக்கு மட்டும் பரிசு கொடுத்திருந்தால் நான்கு கிடாரி வந்திருக்கும் என்று. திரும்பும் வழியில் மாட்டுத் தண்ணித் தொட்டியில் இறங்கி உட்கார்ந்துவிட்டார்.

"வெள்ளைக்காதுகிட்ட மன்னிப்பு கேட்டேன்டி. போன மாசம் அவ மடியில இதப் பூசிட்டு, ஏன் உதைக்கிறன்னு அடிச்சேன்."

அன்றிலிருந்து எந்த டப்பாவையும் மோந்து பார்க்காமல் விரல் வைப்பதில்லை.

பச்சை மூடி சரியாக வந்தது. தொடையில் மட்டுமல்லாமல் அக்குளிலும், உள்ளாடைப் பட்டை அழுத்துகிற இடத்திலும் தடவிக்கொண்டார். எட்டு கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் என்று ஏறியது. ஆனால் பத்தைத் தாண்டினால் மறுபடி காந்த ஆரம்பித்தது. ஒருநாள் அவருடைய உள்பாவாடையைத் துவைத்துப் போட்டபோதுதான் பார்த்தேன். பருத்தி. வேர்வையைக் குடித்துக்கொண்டு, தொடைக்கு நடுவில் சுருண்டு, தையலோடு சேர்ந்து அரம் மாதிரி அறுக்கிறது. மேலே பாவாடை வேறு.

எல்டோரெட் டவுன் பழந்துணிச் சந்தையில் முழங்கால்வரை இறுக்கிப் பிடிக்கிற சைக்கிள் டவுசர் ஒன்று வாங்கி வந்தேன். ஆம்பளை டவுசர், பெரிய அளவு. உள்பக்கத் தையல் உரசக்கூடாது என்று அதைப் புறத்தை அகமாகத் திருப்பிப் போடச் சொன்னேன். அண்ணி வீட்டில் கொடி கட்ட இடம் இல்லாததால் எங்கள் வீட்டுக் கொடியில் காயப்போட்டேன். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது யாருது?"

"என்னோடதுப்பா."

"ஒனக்கா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி. ஒனக்குள்ள இன்னொருத்தி இருந்தா சரியா இருக்கும்."

என் அப்பா தொரொய்திச், அண்ணிக்கு மாமனார். எங்கள் வீட்டில் மருமகள் மாமனார் முன்னால் முழங்காலைக் காட்ட மாட்டாள். மாமனார் மருமகள் பெயரைச் சொல்ல மாட்டார், அவள் துணியைத் தொட மாட்டார். பதினெட்டு வருடமாக அப்பாவுக்கு அண்ணி 'மேல் வீட்டுக்காரி'தான். ஓட்டப் பாதையோ பத்தாவது கிலோமீட்டரில் சரியாக எங்கள் வாசல் வழியாகப் போகிறது. போன வருடம் பாவாடையும் உள்பாவாடையுமாக அண்ணி ஓடியது அதற்காகத்தான். இப்போது புரிந்தது, அவரை ரோட்டோரம் உட்கார வைத்தது தொடை அல்ல, எங்கள் வாசல்.

"டவுசரோட மட்டும் ஓடுங்க அண்ணி. ஒரு நிமிஷம்கூட ஆகாது, தாண்டிருவீங்க."

"ஒரு நிமிஷம் ஒங்க அப்பா கண்ண மூடிக்குவாரா? நான் லெசோவ இடுப்புல சுத்திட்டுதான் ஓடுவேன்."

லெசோ இரண்டு கெஜப் பருத்தித் துணி. நனைந்தால் போர்வை. அதைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

அப்பாவிடம் பேசிப் பார்க்கலாம் என்று போனேன். அரங்கு நிறைந்த கூட்டத்தில் ஆய்வு படித்தவள்தான். அப்பா முன்னால் தொடை என்ற சொல் வாயில் வரவில்லை.

"அப்பா, ஓட்டத்தன்னைக்கு நீங்க டவுனுக்குப் போயிட்டு வரலாமே."

"ஏன், என் வாசல்ல நான் நிக்கக்கூடாதா?"

"கூட்டமா இருக்கும், தூசி..."

"தூசி எனக்குப் புதுசா?" டீயை ஆற்றிக் குடித்தார். பிறகு கொட்டாயைப் பார்த்தபடி, "அந்தப் பச்ச மூடிக் களிம்பு ஒரு தடவ பூசுனா எவ்வளவு நேரம் நிக்கும்?" என்றார்.

"மாட்டுக்காப்பா?"

"பொதுவா."

"வேர்வையில ஒரு மணி நேரம் நின்னாப் பெருசு. அப்புறம் மறுபடி பூசணும்."

தலையாட்டினார். அவ்வளவுதான். நான் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு எழுந்தேன்.

ஓட்டத்தன்று காலை சொசைட்டி எல்லோருக்கும் புது பனியன் கொடுத்தது. மொடமொடவென்று, கைப்பக்கம் முரட்டுத் தையலோடு. பிரிஸ்கா உடனே மாற்றிக்கொண்டார். பழகாத துணியை ஓட்டத்தன்று போடக்கூடாது என்று அண்ணியிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன், அவர் துவைத்துத் துவைத்து மெலிந்த தன் பழைய பனியனின் மேலேயே புதியதைப் போட்டுக்கொண்டார். இடுப்பில் லெசோ. அதில் 'பொறுமைக்குப் பால் உண்டு' என்று அச்சடித்திருந்தது.

நான் தண்ணீர் வாளியோடு எங்கள் வாசலில் நின்றேன். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், ரோட்டைப் பார்த்து. ஒரு மணி நேரம் கழித்து, மற்றக் குச்சிகள் எல்லாம் எப்போதோ போய் முடிந்த பிறகு, பிரிஸ்கா வந்தார். தண்ணீர் வாங்கவில்லை. கைகளை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கியே வைத்து ஓடினார். அவருக்கு நூற்றைம்பது அடி பின்னால், திருப்பத்தில் அண்ணி.

வழியில் யாரோ தலையில் ஊற்றிய தண்ணீரில் லெசோ முழுக்க நனைந்து முழங்காலில் அடித்துக்கொண்டிருந்தது. அதன் அடியில் டவுசர் சுருண்டு மேலே ஏறியிருக்க வேண்டும். அந்த நடை எனக்குத் தெரியும். கால் அகல ஆரம்பித்துவிட்டது. கன்றுக்குட்டி வருகிறது.

அப்பா எழுந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் போய், ரோட்டுக்கு முதுகைக் காட்டி, மேய்ச்சலில் நின்ற மாடுகளைப் பார்த்தபடி நின்றுகொண்டார். வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்தார். உள்ளங்கையில் மூடி திறந்த டப்பா.

அண்ணி கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். மூச்சிரைக்க என்னைப் பார்த்தார். நானும் அவரைத்தான் பார்த்தேன்.

அப்பா மாட்டிடம் பேசினார். நல்ல சத்தமாக.

"நான் ஒன்னத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறேன், செவலை. சூரியன் சாயறவரைக்கும் ஒன்னத்தான் பாக்கப் போறேன். ஒனக்கு என்ன வேணுமோ சீக்கிரம் எடுத்துக்க. டீச்சர் போய்ட்டா."

அண்ணி குனிந்து டப்பாவை மோந்து பார்த்தார். அந்த நேரத்திலும் மோந்து பார்த்தார். பிறகு லெசோவை உருவிக் கேட்டின் மேல் போட்டார். டவுசரை இழுத்துக் கீழே இறக்கிவிட்டு, நான்கு விரலால் களிம்பை வழித்து, வேலிச் செடிப் பக்கம் திரும்பிப் பூசிக்கொண்டார். பத்து எண்ணுவதற்குள் முடிந்தது.

"ம், போ" என்றார் அப்பா செவலையிடம், மாட்டை மேட்டில் ஏற்றும்போது சொல்கிற அதே குரலில். "ஏறு, ஏறு, ஏறு."

செவலை அசையவில்லை. அண்ணி போய்விட்டார்.

வாடகை பைக் பிடித்துக் குறுக்கு வழியில் பள்ளி மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கயிற்றில் கட்டிய கிடாரி, கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் கம்பத்தைச் சுற்றியிருந்த புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. மேட்டின்மேல் முதலில் தெரிந்த தலை பிரிஸ்காவுடையது. கைகள் இப்போது நன்றாகவே விரிந்திருந்தன, மழையில் நனைந்த கோழி இறக்கை உலர்த்துகிற மாதிரி. கையை வீசாமல் யாரும் வேகமாக ஓட முடியாது. அவருக்குப் பின்னால் எண்பத்திரண்டு கிலோ சீராக வந்துகொண்டிருந்தது, கால் அகலாமல், பால் வண்டி கிளம்பப் போகிறது என்ற முகத்தோடு. மைதான வாசலில் இருவரும் பக்கம் பக்கமாக வந்தார்கள். முடிவுக் கோட்டை எட்டுவதற்குள் அண்ணி நாற்பது தப்படி முன்னால் வந்தார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் புல்லில் படுத்துக் கிடந்தார்கள்.

"கால்ல என்னத்தத் தடவுன?" என்று கேட்டார் பிரிஸ்கா.

"மாட்டுக்குத் தடவுறத."

"எனக்கு அக்குள் ரெண்டும் வழண்டுபோச்சு. இந்தப் பனியன்ல மனுஷன் ஓடுவானா?"

"கணக்கு டீச்சர்தான, கூட்டிக் கழிச்சுப் பாத்திருக்கக் கூடாது? முதல்ல வெந்நித் தண்ணில கழுவு, ஆறவெச்சு. டிகிரி, டீச்சருக்கு நம்ம களிம்பு குடு. பச்ச மூடி. மோந்து பாத்துக் குடு."

கிடாரியை ஓட்டிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் நடந்தே வந்தோம். வழியெல்லாம் ஆட்கள் நின்று பார்த்தார்கள், கிடாரியைப் பாதி, அண்ணியின் நடையைப் பாதி. கால் நேராகத்தான் விழுந்தது. நான் பக்கத்தில் நடந்துகொண்டே என் ஆய்வை நினைத்துக்கொண்டேன். 'இதர' என்ற அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். ஆனால் கேட்டு, முதுகு, செவலை இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் போடுவது என்று இன்னும் தெரியவில்லை.

அண்ணி எங்கள் வாசல் வழியாக வரவில்லை. டவுசரோடு இருந்தாரே, பின்பக்க ஒற்றையடிப் பாதையில் மேல் வீட்டுக்கு ஏறிவிட்டார். பிறகு சந்தோஷத்திலும், வந்து போகிறவர்களுக்குப் புளித்த பால் முர்சிக் ஊற்றிக் கொடுப்பதிலும் லெசோவை மறந்துபோனார். மருமகள் துணியை அப்பா தொட முடியாது. நானும் வேண்டுமென்றே எடுக்கவில்லை. அது கேட்டின்மேல் மூன்று நாள் கிடந்தது. கேட்டைத் திறந்தால் விழுந்துவிடும், விழுந்தால் எடுக்க வேண்டும். அதனால் மூன்று நாளும் அப்பா வேலி இடுக்கு வழியாகவே குனிந்து போய்வந்தார். மாடுகளும் அவர் பின்னாலேயே குனிந்து வந்தன.

நான்காம் நாள் காலை என்னைக் கூப்பிட்டார்.

"மேல் வீட்டுக்காரிகிட்டச் சொல்லு. கிடாரி வந்தது சந்தோஷம். இனி என் கேட்டையும் எனக்குத் திருப்பிக் குடுத்துட்டா நல்லா இருக்கும்."